சிக்கினால் ஒன்று, வலித்தால் வேறு: உணவுக்குழாய் ஸ்டீராய்டும் எனக்கு வந்த பூஞ்சையும்

உணவுக்குழாய் வீக்கத்துக்காக ஸ்டீராய்டு விழுங்குகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சாப்பாடு நெஞ்சுக்கு நடுவில் நின்று நின்று இறங்கினால், சிக்கினால், அது பெரும்பாலும் பழைய நோயின் வேலை. விழுங்கும்போது வலித்தால், அதுவரை இல்லாத வலியாக இருந்தால், வெந்நீர் இறங்கும்போதே எரிந்தால், வேறு ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். நாமாகவே ஸ்டீராய்டைக் கூட்டவும் வேண்டாம், பயந்து நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடம் போய் "சிக்கலை, வலிக்குது, இது புதுசு" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். "மறுபடியும் தொண்டை சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் அவரும் பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

நான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, இன்ஹேலர் இழுப்பவன். சர்க்கரையும் இருக்கிறது. சாப்பாடு சிக்குவது எத்தனை வருடமாக இருக்கிறது என்று எனக்கே தெரியாது, ஏனென்றால் அதற்கு ஏற்றபடி சாப்பிடப் பழகிவிட்டேன்: நிறைய மெல்லுவது, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர், பரோட்டா என்றால் சால்னாவில் ஊறிக் கூழாகும் வரை காத்திருப்பது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் மடித்துவிட்டு எழுந்திருக்கும்போது நான் ரசத்துக்கே வந்திருக்க மாட்டேன். வீட்டில் எல்லோரும் அதை என் குணம் என்று நினைத்தார்கள். கேட்டவர்கள் எல்லாம் அல்சர், கேஸ் என்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் கிடாவெட்டில் ஒரு கறித்துண்டு மாட்டி, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டே மதுரைக்கு வந்து, எண்டோஸ்கோப்பி வைத்து எடுத்தபோதுதான் உள்ளே வளையம் வளையமாக இருப்பதைப் பார்த்தார்கள். அன்றைக்கே சதைத் துணுக்குகளும் எடுத்தார்கள். பயாப்சியில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு ஏகத்துக்கும் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைப் பரப்புக்கு 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈசினோஃபிலிக் ஈசோஃபஜைட்டிஸ் என்ற உணவுக்குழாய் வீக்க நோய் என்று சந்தேகிப்பார்கள், வேறு காரணம் ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு உறுதி செய்வார்கள். ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களுக்கு அதிகம் வருவது, ஆண்களுக்கு இன்னும் அதிகம். பால், கோதுமை, முட்டை மாதிரியான உணவுகள் பலருக்கும் இதைத் தூண்டிவிடும்.

அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை மட்டுமே சிலருக்குப் போதுமாம், எனக்குப் போதவில்லை. உணவை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் வழியும் இருக்கிறது, ஆனால் விடியுமுன்னே எழுந்து மார்க்கெட்டில் டீயும் பன்னும் கடித்து ஓடுகிறவனுக்கு அது சரிப்படாது என்று நானும் டாக்டரும் பேசி முடிவுசெய்தோம். ஆகவே புடசனைடு என்ற ஸ்டீராய்டு. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு புடசனைடு திரவ மருந்துக்கு 2024இல்தான் அனுமதி கொடுத்தார்கள், ஐரோப்பாவில் நாக்கில் கரையும் மாத்திரைக்கு 2018இல். எனக்கு எழுதிக்கொடுத்தது ஆஸ்துமாக்காரர்கள் நெபுலைசரில் ஊற்றுகிற அதே ரெஸ்பியூல் என்ற சின்ன பிளாஸ்டிக் குப்பிதான், 2 மில்லியில் 1 மில்லிகிராம் இருக்கிறது. அதைக் கெட்டியாக்கி விழுங்க வேண்டும். தேனில் குழைக்கச் சொல்பவர்களும் உண்டு. எனக்குச் சர்க்கரை இருப்பதால் சுக்ரலோஸ் கலந்த இனிப்புப் பொடியில் குழைக்கச் சொன்னார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. தண்ணீராக இருந்தால் நேராக வயிற்றுக்கு ஓடிவிடும், கூழ் பதத்தில் இருந்தால்தான் குழாயின் சுவரில் ஒட்டி நிற்கும். விழுங்கிய பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது. அதற்கப்புறம் வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும்.

மெடிக்கல் கடையில் இந்த ரெஸ்பியூலைக் கொடுக்கும்போது "இதைக் குடிக்கக் கூடாதுண்ணே, மெஷின்ல போட்டு இழுக்கணும்" என்று சொல்வார்கள், ஒவ்வொரு கடையிலும் சொன்னார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. சீட்டைக் காட்டுங்கள்.

மருந்து நன்றாக வேலை செய்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இனி வருகிற கதையைப் படித்துவிட்டு யாராவது ஸ்டீராய்டே வேண்டாம் என்று போய்விடக் கூடாது. கறிதோசையை மற்றவர்கள் வேகத்தில் சாப்பிட முடிந்தது. "ஏங்க, மெதுவா" என்று மனைவி சொல்லும் நிலைமை வந்ததே எனக்குப் புதுமைதான்.

அதற்குப் பிறகுதான் பல்லில் சீழ் கட்டி பல் டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். அது முடிந்து கொஞ்ச நாளில் வலி தொடங்கியது. மார்புக்கூட்டுக்கு நடுவில், சரியாக விழுங்கும் நேரத்தில் மட்டும், உள்ளே கீறிக்கொண்டு போகிற வலி. காரம் முடியவில்லை, அப்புறம் சூடான காபி முடியவில்லை, அப்புறம் மோர்கூடக் கவனமாகக் குடிக்க வேண்டியதாயிற்று. ஆனால் எதுவும் சிக்கவில்லை. போகிற இடத்துக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது, போகும் வழியில்தான் வலி. மார்க்கெட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "மாப்ள, சூடு பிடிச்சிருக்கு, ரெண்டு ஜிகர்தண்டா போடு, சரியாப் போகும்" என்றான் பக்கத்துக் கடைக்காரன். குளிர்ச்சி இறங்கும்போது இதமாகத்தான் இருந்தது, சுகர் மட்டும் எகிறியது.

வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்தேன், நாக்கு சுத்தமாக இருந்தது. மனைவியும் டார்ச் அடித்துப் பார்த்தாள். அதை வைத்துக்கொண்டு இன்ஃபெக்‌ஷன் இல்லை என்று எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது டாக்டரிடம் போனபோது தெரிந்தது. கொப்பளிப்பது வாயைத்தான் காப்பாற்றும். மருந்து ஒட்டியிருக்க வேண்டிய இடமே உணவுக்குழாய், அங்கே போய் யாரும் கழுவ முடியாது, கழுவினால் மருந்து எடுத்ததற்கே அர்த்தமில்லை. அதனால் வாய் பளிச்சென்று இருந்தும் குழாயில் பூஞ்சை பிடித்திருக்கலாம். ஒழுங்காகக் கொப்பளித்தும் எப்படி வந்தது என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இதுதான்.

மறுபடியும் எண்டோஸ்கோப்பி. திரையில் எனக்கே காட்டினார், உணவுக்குழாய்ச் சுவரெல்லாம் கட்டித் தயிர் தெறித்த மாதிரி வெள்ளைத் திட்டு. இதில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதை நிறையப் பேர் அறிய மாட்டார்கள். ஈசினோஃபிலிக் நோயே முற்றும்போது வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் வரும், ஈசினோஃபில்கள் கூட்டமாகச் சேர்ந்து நிற்பதுதான் அது. கேண்டிடா பூஞ்சையும் வெள்ளைதான். பூஞ்சைத் திட்டு பெரும்பாலும் தண்ணீர் பீய்ச்சினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றாலும் கண்ணால் மட்டும் பார்த்து எல்லா நேரமும் சொல்லிவிட முடியாது. பழைய நோய் என்று தப்பாக நினைத்தால் ஸ்டீராய்டைக் கூட்டுவார்கள், பூஞ்சைக்கு அது கொண்டாட்டம். ஆகவே பயாப்சி எடுத்தே தீர வேண்டும், அதோடு லேபுக்குப் போகும் சீட்டில் "ஸ்டீராய்டு விழுங்குகிறார், பூஞ்சை இருக்கிறதா பார்க்கவும்" என்று எழுதியிருக்க வேண்டும். அப்போதுதான் பிஏஎஸ் மாதிரி பூஞ்சைக்கென்று இருக்கும் சாயத்தைப் போட்டுத் தேடுவார்கள். என் டாக்டர் எழுதினார். உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை, நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரிசல்ட் கேண்டிடாதான். ஈசினோஃபில் எண்ணிக்கையோ நன்றாகக் குறைந்திருந்தது. அதாவது மருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்த நேரத்தில்தான் பூஞ்சையும் வந்திருக்கிறது. கேண்டிடா வெளியிலிருந்து வந்த புது எதிரி இல்லை, பாதிப் பேர் வாயில் சும்மா இருப்பதுதான். ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்பைக் குறைத்தது, ஆன்டிபயாடிக் அதற்குப் போட்டியாக இருந்த பாக்டீரியாவைக் கொன்றது, சர்க்கரை அதற்குத் தீனி போட்டது, வீசிங்குக்கு இழுக்கும் இன்ஹேலரிலும் ஸ்டீராய்டு. எனக்கு நாலும் சேர்ந்து அமைந்தது. சிலருக்கு ஒரு அறிகுறியும் இல்லாமலே இருந்து, மறுபரிசோதனை எண்டோஸ்கோப்பியில்தான் கண்ணில் படும். புடசனைடு தொடங்கி மூன்று மாதம் வாக்கில் மறுபடி பார்க்க வேண்டும் என்று சொன்னால் "நல்லாத்தானே இருக்கேன்" என்று தட்டிக்கழிக்க வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எச்ஐவி டெஸ்ட் எழுதிக்கொடுத்தார். மனைவி முகம் மாறியதைப் பார்த்துவிட்டு அவரே, "உணவுக்குழாய்ல பூஞ்சை வந்தா எல்லாருக்கும் பார்ப்போம்மா, உங்க வீட்டுக்காரருக்கு ஸ்டீராய்டுதான் காரணமா இருக்கும், இருந்தாலும் பார்க்காம விடக் கூடாது" என்றார். அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் இலவசமாக, ரகசியமாகப் பார்ப்பார்கள். நெகட்டிவ். என் மச்சானுக்கு இது எப்படியோ தெரிந்து, அவன் தனியாக என்னைக் கூப்பிட்டு விசாரித்தது தனிக் கதை, அது இங்கே வேண்டாம். டாக்டர் இந்த டெஸ்ட்டைக் கேட்டால் அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான். மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி-யும் பார்த்தார், அது நான் விரும்பிய இடத்தில் இல்லை.

மருந்து ஃப்ளூகோனசோல். இதில் மூன்று விஷயம் இருக்கிறது. மெடிக்கல் கடைகளில் படர்தாமரைக்கு வாரம் ஒன்று என்று கொடுப்பார்களே, 150 மில்லிகிராம் மாத்திரை, "அதே மருந்துதானே, ரெண்டு வாங்கிப் போட்டுப் பாருங்க" என்று சொல்ல ஆள் உண்டு. உணவுக்குழாய்க்கு அது போதாது. தினமும் 200 முதல் 400 மில்லிகிராம், 14 முதல் 21 நாள் வரை என்பதுதான் வழக்கமான கணக்கு. வலி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும், குறைந்ததும் நிறுத்திவிட்டால் திரும்பும். ஒரு வாரம் ஆகியும் குறையவே இல்லை என்றால் காத்திருக்காமல் திரும்பப் போக வேண்டும், பூஞ்சை வேறு ரகமாக இருக்கலாம், பூஞ்சையே இல்லாமலும் இருக்கலாம். வாய்க்குள் தடவுகிற குளோட்ரிமசோல் பெயின்ட் வாயில் இருக்கும் வெள்ளைக்குச் சரி, உள்ளே இருப்பதற்கு வேலைக்காகாது.

இரண்டாவது, சர்க்கரை மாத்திரை. நான் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறேன். ஃப்ளூகோனசோல் கிளிமிபிரைடு உடம்பில் சிதைவதைத் தடுக்கும், அதனால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். விழுங்க வலிப்பதால் ஏற்கெனவே அரைச் சாப்பாடுதான், அதோடு இதுவும் சேர்ந்தால் யோசித்துப் பாருங்கள். இதை முதலில் பிடித்தது எங்கள் மெடிக்கல் கடை அண்ணாச்சி. சீட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, சுகருக்கு என்ன போடுறீக?" என்று கேட்டார், சொன்னேன், மாத்திரையைக் கையில் கொடுக்காமல் "டாக்டருக்கு ஒரு போன் போட்டுட்டு வாங்க" என்றார். டாக்டர் கிளிமிபிரைடு அளவைக் குறைத்து, அடிக்கடி குத்திப் பார்க்கச் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, டோம்பெரிடோன். நம் ஊரில் வாயுவுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் எழுதுகிற பான்டோபிரசோல் பல நேரம் டோம்பெரிடோன் சேர்ந்த காப்ஸ்யூலாகவே இருக்கும், யாரும் அட்டையைத் திருப்பிப் படிப்பதில்லை. ஃப்ளூகோனசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் தாளம் கெடலாம், சேர்த்து எடுக்கவே கூடாது. உங்கள் அட்டையில் டோம்பெரிடோன் என்று இருந்தால் டாக்டரிடம் காட்டி, தனிப் பான்டோபிரசோலாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, நம் பக்கம் படர்தாமரை எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தெரியும், தோல் டாக்டர்கள் அதற்கு இட்ரகோனசோல் நிறைய எழுதுவார்கள். விழுங்கிய புடசனைடில் பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்துவிடும், அதனால்தான் அது மற்ற ஸ்டீராய்டு மாத்திரை அளவுக்கு உடம்பைப் பாதிப்பதில்லை. இட்ரகோனசோல் அந்தச் சிதைவைத் தடுத்துவிடும். அப்போது விழுங்குகிற புடசனைடு ரத்தத்தில் ஏறி, முகம் உப்பி, சர்க்கரை கூடி, முழு ஸ்டீராய்டாக வேலை செய்யும். தோல் டாக்டரிடம் போனாலும் "நான் புடசனைடு விழுங்குகிறேன்" என்று சொல்லியாக வேண்டும்.

புடசனைடை நிறுத்தினார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு நிறுத்தவில்லை, பூஞ்சை மருந்தோடு அதுவும் ஓடியது, அப்புறம் பராமரிப்பு அளவுக்குக் குறைத்தார்கள். பெரும்பாலும் இப்படித்தான் செய்வார்கள். நிறுத்தினால் வீக்கம் திரும்பும், திரும்பினால் குழாய் சுருங்கும், அடுத்த கறித்துண்டு மாட்டும்.

வீட்டில் என் டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா என்று பெரியம்மா கேட்டார். வேண்டாம். ஒரே தட்டில் சாப்பிடுவதால் திடகாத்திரமானவர்களுக்கு இது ஒட்டாது.

பூஞ்சை மட்டும்தானா என்றால் இல்லை. ஹெர்பீஸ் வைரஸும் உணவுக்குழாயில் வரலாம், அரிது, ஆனால் ஈசினோஃபிலிக் நோய் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பே வந்த கேஸ்களும் உண்டு. அது மெதுவாக வராது. திடீரென்று காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியாத வலி, சிலருக்கு உதட்டில் கொப்புளம். அதற்கு அசைக்ளோவிர், பூஞ்சை மாத்திரை கேட்காது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி நன்றாகக் குறைந்தவர்களுக்கு சிஎம்வி என்ற வைரஸ் நீளமான புண்களை உண்டாக்கும், எனக்குக் கொடுத்த மாதிரி அந்த இடத்தில் மட்டும் வேலை செய்கிற ஸ்டீராய்டில் அது மிகவும் அரிது. இன்னொன்று இன்ஃபெக்‌ஷனே இல்லை: டாக்சிசைக்ளின் மாதிரியான காப்ஸ்யூலை ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொண்டு உடனே படுத்தால் அது குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், வலி இதே மாதிரி இருக்கும். சமீபத்தில் என்ன மாத்திரை போட்டீர்கள் என்று டாக்டர் கேட்பது அதற்காகவும்தான்.

வீக்கத்துக்கு மாத்திரையாகவே ஸ்டீராய்டு எடுப்பவர்கள் விஷயம் வேறு. பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் இதெல்லாம் உடம்பு முழுக்கப் போகும். முன்பு எப்போதோ வந்து தூங்கிக்கொண்டிருக்கும் டிபி எழுந்துகொள்ளலாம், அதனால் நீண்ட நாள் கொடுக்கும் முன் மார்பு எக்ஸ்ரே கேட்பார்கள். வயலில், தோட்டத்தில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு தோல் வழியாக ஏறி, வருடக்கணக்கில் குடலில் தெரியாமலே இருக்கும். ஸ்டீராய்டு மாத்திரை போட்டதும் அது உடம்பெங்கும் பெருகி உயிரையே எடுத்துவிடக் கூடும். எனக்கு ரத்தத்தில் ஈசினோஃபில் அதிகம் இருந்ததால், புடசனைடு தொடங்கும் முன்பே மலப் பரிசோதனை எழுதிக்கொடுத்து, "கொல்லைக்குச் செருப்பு போட்டுத்தான் போவீங்களா?" என்றும் கேட்டார் டாக்டர். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. புழுவாலும் ஈசினோஃபில் ஏறும், ஐவர்மெக்டின் என்ற மாத்திரையில் சரியாகிவிடும், ஆனால் ஸ்டீராய்டுக்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர் வீட்டில் யாருக்காவது சின்னம்மை போட்டிருந்து, மாத்திரை எடுப்பவருக்கு அது முன்பு வந்ததில்லை என்றால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். வேப்பிலை கட்டுங்கள், கஞ்சி ஊற்றுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, போனை மட்டும் போட்டுவிடுங்கள்.

2021இல் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சையை நினைத்து என் கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் அரண்டுபோனார், "கண்ணை எடுத்துருவாய்ங்களாண்ணே?" என்று. அது வேறு பூஞ்சை, மூக்கு வழியாகப் போவது, கட்டுக்கடங்காத சர்க்கரையும் அதிக அளவு ஸ்டீராய்டும் சேர்ந்த நேரத்தில் வந்தது. கேண்டிடா அந்த மாதிரி இல்லை, மருந்துக்குக் கேட்கும்.

இப்போது நான் மாற்றிக்கொண்டவை கொஞ்சம்தான். வீசிங் இன்ஹேலரை அதன் முன்னால் மாட்டுகிற ஸ்பேசர் என்ற குழாய் வைத்து இழுக்கிறேன், அதனால் வாயிலும் தொண்டையிலும் படிவது குறைகிறது. (இதே உணவுக்குழாய் நோய்க்கு ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலரை வாயில் அடித்து விழுங்கச் சொல்வார்கள், அவர்கள் ஸ்பேசர் வைக்கக் கூடாது, அப்படி வைத்தால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். உங்களுக்கு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.) இரவு மருந்தை எடுத்துவிட்டு அந்த அரை மணி நேரம் அன்றைய பூக்கணக்கைப் பார்க்கிறேன், அப்புறம் கொப்பளித்துப் பல் விளக்கிவிட்டுப் படுக்கிறேன். எந்த டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினாலும் "எனக்கு ஏற்கெனவே பூஞ்சை வந்திருக்கு" என்று சொல்கிறேன். சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்கிறது, அதில் புடசனைடு, கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், பான்டோபிரசோல், இன்ஹேலர் பெயர், எல்லாம் என் மகள் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தது. அண்ணாச்சி கடை பூட்டியிருக்கிற நாளில் வேறு கடைக்குப் போனால் அதைத்தான் முதலில் நீட்டுகிறேன்.